முறுக்கிய நட்டு ஏன் மறுபடி மறுபடி லூசாகிறது?

"தினமும் காலையில முறுக்கிட்டுத்தானுங்க வண்டிய எடுக்கறேன். சாயங்காலம் ஸ்பேனர் வெச்சுப் பார்த்தா கால் சுத்து ஓடுது. ஒரே சக்கரம்தானுங்க, இடது பின்னால. மத்தது எல்லாம் கல்லு மாதிரி இருக்கு."

நாமக்கல் பக்கம் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வந்த ஒரு லாரி டிரைவர் அண்ணன் தன் வண்டியின் சக்கர நட்டுகளைப் பற்றிச் சொன்னது இது. ஒரு மாதத்துக்கு மேலாக இதே கதை. நட்டுகளைப் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டார். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, அதன் நுனியில் ஏறி நின்று மிதித்தும் பார்த்துவிட்டார். "ஸ்பிரிங் வாஷர் வெச்சா நிக்குமா? ஒரு பொட்டு வெல்டு வெச்சுடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினோம்.

உள்ளே என்ன இருந்தது என்பதற்கு முன், நட்டு உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். அது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பிடிபடாவிட்டால் நட்டு மாற்றுவதும் குழாய் போட்டு மிதிப்பதுமாகவே காலம் போகும்.

லாரியில் லோடு கட்டியவர்களுக்கு இது புதிய விஷயமே அல்ல. மூட்டைகளை அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டுகிறோம். ஐம்பது கிலோமீட்டர் போய் டீக்கடையில் நிறுத்தினால் கயிறு தொளதொளவென்று கிடக்கும். முடிச்சு அவிழ்ந்திருக்காது. போட்ட முடிச்சு போட்டபடியே இருக்கும். மூட்டைகள் குலுங்கி அமுங்கியதால் கயிற்றின் இழுப்பு போய்விட்டது, அவ்வளவுதான். அதனால்தான் அனுபவமுள்ள கிளீனர் முதல் நிறுத்தத்திலேயே கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டுகிறார்.

சக்கரத்திலும் இதேதான். போல்ட்தான் கயிறு, நட்டுதான் முடிச்சு, டிரம்மும் டிஸ்க்குகளும்தான் மூட்டைகள். டிரம் என்பது சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கும் பிரேக் உருளை; டிஸ்க் என்பது போல்ட் ஓட்டைகள் உள்ள, சக்கரத்தின் நடுத்தகடு. நட்டை முறுக்கும்போது போல்ட் ரப்பரைப் போல நீள்கிறது. உருக்கும் நீளும், கண்ணுக்குத் தெரியாத அளவில் நீளும். நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் டிஸ்க்கை டிரம்மோடு அழுத்திப் பிடிக்கிறது.

எவ்வளவு நீள்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். கனரக லாரிகளில் பரவலாக இருப்பது 22 மில்லிமீட்டர் போல்ட், ஒரு சக்கரத்துக்கு 10. அதை 600 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் விசையை அளக்கும் அலகு) அளவுக்கு முறுக்கினால், எண்ணெய் படாத மரையில் ஒரு போல்ட்டுக்குச் சுமார் 13, 14 டன் இழுப்பு கிடைக்கும். அந்த இழுப்பில், பிடிபட்ட நீளம் 50 மில்லிமீட்டர் உள்ள போல்ட் நீள்வது ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். அந்தக் கனம்தான். பத்து டன்னும் இருபது டன்னும் ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டியின் சக்கரம் அந்த ஒரு தாள் கன நீட்சியை நம்பித்தான் நிற்கிறது.

சக்கரம் போல்ட்டுகளின் மேல், ஆணியில் சட்டை மாட்டியதுபோல் தொங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இறுக்கம் சரியாக இருக்கும்போது பாரத்தையும் பிரேக்கையும் தாங்குவது டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் இடையிலான உராய்வு. பத்து போல்ட்டும் சேர்ந்து 130 டன்னுக்கு மேல் அழுத்துகின்றன. இரும்போடு இரும்பு உராய்வதில் அதில் ஏழில் ஒரு பங்கு பிடிமானம் கிடைப்பதாக வைத்தாலும் 20 டன் வரும். இரட்டை டயர் போட்ட ஒற்றை அச்சுக்கு 2018 முதல் நம் நாட்டில் அனுமதித்த எடை 11.5 டன், ஒரு பக்கத்துக்கு ஆறு டன்னுக்கும் குறைவு. போதாதா என்று தோன்றும். ஆனால் அவசரமாகப் பிரேக் அடிக்கும்போது டயர் தரையைப் பற்றி இழுக்கும் இடம் அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. போல்ட்டுகள் நிற்கும் வட்டமோ 335 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ளது. அதன் ஆரம் 17 சென்டிமீட்டரைத் தாண்டாது. நெம்புகோல் கணக்குப்படி டயரில் விழும் விசை அந்த வட்டத்தில் மூன்று மடங்காகிறது. மூன்றரை டன் பிரேக் விசை அங்கே பத்து டன்னுக்கு மேல் போகும். அதாவது போல்ட்டின் இழுப்பு பாதியாகக் குறைந்தாலே டிஸ்க் வழுக்கத் தொடங்கும் எல்லைக்கு வந்துவிடுகிறது. நட்டு ஒரு சுற்றுகூடத் திரும்பியிருக்க வேண்டியதில்லை.

வழுக்கத் தொடங்கிய பிறகு நடப்பதுதான் நட்டு கழல்வது. 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதைச் சோதனையில் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் எவ்வளவு அதிர்ந்தாலும் நட்டு எளிதில் திரும்புவதில்லை. இணைப்பு பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் நகர ஆரம்பித்தால் நட்டு தானாகவே திரும்பிக் கழல்கிறது. ஆக, முதலில் போவது இழுப்பு, அடுத்து வருவது வழுக்கல், கடைசியில்தான் நட்டு சுழல்கிறது. நம் கண்ணில் படுவது கடைசிக் கட்டம் மட்டும் என்பதால் குற்றத்தை நட்டின் மேல் போடுகிறோம்.

இனி அந்தச் சக்கரத்துக்கு வருகிறேன். கழற்றிப் பார்த்தபோது டிஸ்க்கின் உள்முகத்தில் பளபளவென்று பச்சை பெயின்ட். எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்குக் கொண்டுபோகும் முன் வண்டி முழுக்க பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எட்டு வயதைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு, ஒவ்வொரு முறையும் சக்கரத்துக்கும் ஒரு கோட்டிங் விழுகிறது. அன்று அந்தச் சக்கரத்தைக் கழற்றி வைத்துத் தாராளமாக இரு பக்கமும் அடித்துவிட்டார்கள். விரல் நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. போல்ட் ஓட்டைகளைச் சுற்றிப் பெயின்ட் நசுங்கி, ஓரத்தில் வரப்பு கட்டியதுபோல் புடைத்து நின்றது.

இரட்டை டயர் சக்கரத்தில் டிரம்மின் முகம் ஒன்று, உள் டிஸ்க்குக்கு இரண்டு, வெளி டிஸ்க்குக்கு இரண்டு என ஐந்து முகங்கள் அடுக்கில் வருகின்றன. ஒவ்வொன்றிலும் 0.04 மில்லிமீட்டர் பெயின்ட் இருந்தால் மொத்தம் 0.2 மில்லிமீட்டர். பெயின்ட் இரும்பைப் போல் எதிர்த்து நிற்காது. சூட்டிலும் அழுத்தத்திலும் நசுங்கிப் பிதுங்கும். அதில் பாதி பிதுங்கி வெளியேறினாலே 0.1 மில்லிமீட்டர் போய்விட்டது. நம்மிடம் இருந்த நீட்சியே அவ்வளவுதான். தினமும் காலையில் அந்த டிரைவர் முறுக்கியது வீண் போகவில்லை, முறுக்கிய அளவுக்கு இறுகத்தான் செய்தது. சாயங்காலத்துக்குள் இன்னும் கொஞ்சம் பெயின்ட் பிதுங்கி, அந்த இறுக்கத்தைத் தின்றுவிட்டது.

இந்த ஒரு காரணத்தை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், நம் ஊர் வண்டிகளில் இது அடிக்கடி கண்ணில் படுவதும், இதை யாரும் கோளாறாகவே நினைக்காததும்தான். சக்கரத்துக்குப் பெயின்ட் அடிப்பதில் தப்பில்லை. டிரம்மோடு ஒட்டும் முகத்திலும், இரு டிஸ்க்குகளும் ஒன்றையொன்று தொடும் முகத்திலும், நட்டு உட்காரும் இடத்திலும் மட்டும் அடிக்காதீர்கள். ஏற்கெனவே அடித்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். துருச் செதில், காய்ந்த சேறு, ஓரத்தில் நிற்கும் பிசிறு எல்லாமே பெயின்ட்டைப் போலத்தான் நசுங்கும். சக்கரத்தை மாட்டும் முன் அந்த முகத்தை ஒரு துணியால் துடைப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். மழையில் வழியில் பஞ்சரானால் அந்த ஒரு நிமிடம் யாருக்கும் இருப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்படி மாட்டிய சக்கரத்தை அடுத்த ஊரில் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

பெயின்ட்டைத் தேய்த்து மாட்டிய பிறகு அந்தச் சக்கரத்தில் எட்டு நட்டுகள் நின்றன. இரண்டு மட்டும் மறுபடி லூசாயின. அந்த இரண்டுக்கும் காரணம் வேறு: குழாய்.

ஒரு மீட்டர் நீளத் தண்டின் நுனியில் 61 கிலோ எடை நின்றால் 600 நியூட்டன் மீட்டர். நம்மில் பலரும் அந்த எடைக்கு மேல்தான். இரண்டு மீட்டர் குழாயின் நுனியில் 70 கிலோ ஆள் ஏறி நின்றால் 1,370 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும்; குதித்தால் இன்னும் கூடும். 10.9 என்ற வலிமைத் தர உருக்கில் செய்த 22 மில்லிமீட்டர் போல்ட் சுமார் 31 டன் இழுப்புவரை நீண்டு சுருங்கும். அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான், திரும்பி வராது. இந்தக் குழாய் மிதி அதை அந்த எல்லைக்கே கொண்டுபோய்விடுகிறது. மரையில் எண்ணெய் இருந்தால் இன்னும் முன்பே எல்லை வந்துவிடும். பழசாகித் தொய்ந்த ரப்பர் பேண்டைப் போல, அந்த போல்ட்டை அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் பிடிப்பு நிலைக்காது.

எல்லை தாண்டிய போல்ட்டைக் கண்டுபிடிப்பது எளிது. மரையைத் துடைத்துவிட்டுப் புது நட்டு ஒன்றை விரலால் சுற்றிக்கொண்டே போங்கள். கடைசிவரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் இறுகினால் அங்கே மரையின் இடைவெளி நீண்டிருக்கிறது. அந்த இரண்டு போல்ட்டிலும் நட்டு நாலு சுற்றில் நின்றுவிட்டது. மாற்றினோம். போல்ட் உடைந்தே போயிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதாது. அதன் பாரத்தைச் சுமந்த இரு பக்கத்துப் போல்ட்டுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ உடைந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் பத்தையுமே மாற்றிவிடுவதுதான் முறை.

குழாய்க்கு அண்ணன் ஏர் கன், காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் கருவி. டர்ர்ர் என்று அது அடிக்கும்போது எவ்வளவு முறுக்கு விழுகிறது என்று அடிப்பவருக்கே தெரியாது. கம்ப்ரசரில் காற்று நிறைய இருந்தால் அதிகம், குறைந்திருந்தால் குறைவு. நட்டை வேகமாக ஓட்டி உட்கார வைக்க அது நல்ல கருவி. கடைசி இறுக்கத்தை, எவ்வளவு முறுக்கு விழுகிறது என்று காட்டும் டார்க் ரென்ச்சால்தான் கொடுக்க வேண்டும். 600 என்று நான் கணக்குக்கு எடுத்துக்கொண்டேன். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதன் கையேட்டில் இருக்கும், அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ரென்ச் விலை கேட்டால் திகைப்பாகத்தான் இருக்கும். ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எண்ணெய் போடலாமா என்பது அடுத்த கேள்வி. நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டப் போகிறது. பாதியளவு நட்டின் அடிமுகம் உராய்வதிலும், மீதி மரை உராய்வதிலும் செலவாகிறது. ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினாலும் இழுப்பு பெரிதாக மாறும். துருப்பிடித்த மரையில் ரென்ச் 600 காட்டும், இழுப்போ பாதிகூட இருக்காது. அடியில் தட்டையான வளையம் சேர்ந்தே சுழலும் நட்டுகளுக்கு, வளையத்துக்கும் நட்டுக்கும் நடுவிலும் மரை நுனியிலும் ஓரிரு சொட்டு எண்ணெய் விடச் சொல்வது வழக்கம். உருண்டை முகத்தோடு குழியில் உட்காரும் பழைய வகை நட்டுகளைக் காய்ந்தபடியேதான் மாட்ட வேண்டும். எந்த வகையானாலும் டிஸ்க்கும் டிரம்மும் ஒட்டும் முகத்தில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. நம்மைத் தாங்குவதே அந்த முகத்தின் உராய்வுதான்.

இந்த இரண்டு வகையையும் கலந்துவிடுவதும் லூசாவதற்கு ஒரு காரணம். ஓட்டை தட்டையாக இருக்கும் டிஸ்க்கில் உருண்டை நட்டைப் போட்டால் அது ஓட்டையின் விளிம்பை மட்டும் மெல்லிய வளையமாகத் தொடும். அந்த விளிம்பு நசுங்க நசுங்க இழுப்பு குறைந்துகொண்டே போகும். வேறு வண்டியிலிருந்து இரவல் வாங்கிய ஸ்டெப்னியில் இதை முதலில் பாருங்கள். ஓட்டையின் விளிம்பு சரிவாக இருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று விரலை வைத்தாலே தெரிந்துவிடும்.

சக்கரத்தைக் கழற்றாமலே சில விஷயங்களைப் படிக்கலாம். நட்டின் அடியிலிருந்து டிஸ்க்கின் மேல் செம்பழுப்பு நிறத்தில் கோடு இழுத்திருந்தால் அங்கே இரும்பும் இரும்பும் அசைந்து அரைத்திருக்கிறது என்று பொருள். துருத்தூளை மழைத்தண்ணீர் இழுத்துக்கொண்டு வந்த தடம் அது. நட்டைச் சுற்றி வெள்ளி போலப் பளபளத்தால் அசைவு இப்போதும் நடக்கிறது. கழற்றிய பின் பார்க்க வேண்டியது ஓட்டைகளின் வடிவம். வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகியிருந்தாலும், ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு முடி போல விரிசல் ஓடியிருந்தாலும் அந்த டிஸ்க் பழைய இரும்புக் கடைக்குத்தான். வெல்டு வைத்து ஓட்டாதீர்கள். டிரம்மின் முகத்தில் ஒரு இரும்பு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். முகம் குழிந்திருந்தால் டிஸ்க் விளிம்பில் மட்டும் உட்கார்ந்து, ஓடும்போது வளைந்து வளைந்து நிமிரும். புதுப் போல்ட், புது நட்டு, சரியான முறுக்கு எல்லாம் இருந்தும் நிற்காத சக்கரங்களில் கடைசியில் பெரும்பாலும் இதுதான் அகப்படும்.

சக்கரம் ஆடுகிறது என்றதும் நட்டைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஜாக்கியில் தூக்கி, டயரின் மேலும் கீழும் கடப்பாறையால் நெம்பிப் பாருங்கள். டிஸ்க்கும் டிரம்மும் சேர்ந்தே ஆடினால் கோளாறு ஹப் பேரிங்கில், அதாவது சக்கரம் அச்சில் சுழல உதவும் தாங்கியில். டிரம் நிற்க, டிஸ்க் மட்டும் ஆடினால் நட்டுப் பக்கம்.

மாட்டும் வரிசை எல்லோரும் அறிந்ததுதான், ஆனால் அவசரத்தில் தவறுகிறது. ஒரு நட்டு, அதற்கு நேர் எதிர் நட்டு என்று குறுக்கும் நெடுக்குமாக முதலில் லேசாக உட்கார வைக்க வேண்டும். பிறகு அதே வரிசையில் முழு இறுக்கம். வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கினால் டிஸ்க் ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். ரென்ச் சரியான எண்ணைக் காட்டும், சக்கரம் ஓட ஓட நேராகி எதிர்ப்பக்க நட்டுகள் தொய்யும்.

எவ்வளவு சுத்தமாக மாட்டினாலும் இரும்பின் முகத்திலுள்ள நுண்ணிய மேடுகள் முதல் ஓட்டத்தில் நசுங்கத்தான் செய்யும். அதனால் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி மறுபடி ரென்ச் வைக்க வேண்டும். கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டும் அதே டீக்கடை நிறுத்தம்தான். டிரம் சூடாக இருக்கும்போது வேண்டாம். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கிய வண்டியின் டிரம் விரிந்திருக்கும், அப்போது ரென்ச் காட்டும் எண் பொய். கை வைக்கும் அளவுக்கு ஆறட்டும்.

ஏன் இடப்பக்கமே அதிகம் லூசாகிறது என்றும் பலர் கேட்கிறார்கள். சாதாரண வலது மரை போட்டிருந்தால், தளர்ந்த சக்கரம் உருளும்போது இடப்பக்க நட்டுகளைக் கழலும் திசையில் தள்ளுகிறது. சில பழைய வண்டிகளில் இடப்பக்கத்துக்கு இடது மரை வைத்ததற்கு அதுதான் காரணம். இழுப்பு சரியாக இருந்தால் இரு பக்கமும் ஒன்றுதான். தளர்ந்த பிறகுதான் திசை பேசும்.

ஸ்பிரிங் வாஷர், மரைக்குப் பசை, வெல்டு பொட்டு எல்லாமே நட்டு திரும்புவதைத் தடுக்கப் பார்க்கின்றன. போனது இழுப்பு. திரும்பாத நட்டின் அடியில் வழுக்கும் டிஸ்க் கொஞ்ச நாளில் போல்ட்டையே அறுத்துவிடும், அதற்கு முன் எச்சரிக்கைகூடத் தராது. நட்டில் மாட்டும் மஞ்சள் அம்புக்குறி பிளாஸ்டிக்குகள் நல்லவை. ஒன்றையொன்று பார்க்கும்படி மாட்டினால் எது திரும்பியது என்று தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் அவையும் திரும்பியதைத்தான் காட்டும், தொய்ந்ததைக் காட்டாது. ரென்ச்சுக்கு அவை மாற்றாகாது.

வழியில் ஒரு நட்டு லூசானதைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டி, அந்தச் சக்கரத்தின் பத்தையும் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்து, துருக்கோடு இல்லாமல் இருந்தால் இறுக்கிக்கொண்டு மெதுவாக அடுத்த பட்டறைவரை போகலாம். பாதிக்கு மேல் தளர்ந்திருந்தாலோ, ஒரு போல்ட் காணாமல் போயிருந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு ஆளை வரச்சொல்லுங்கள். லோடு எவ்வளவு அவசரமானாலும் சரி. கழன்று ஓடும் லாரிச் சக்கரம் டயரோடு நூறு கிலோ எடை. அதன் வழியில் இருசக்கர வண்டியில் ஒரு குடும்பம் வந்துகொண்டிருக்கும்.

அந்த டிரைவர் அண்ணன் பெயின்ட்டைத் தேய்த்து, இரண்டு போல்ட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டவர், நூறு கிலோமீட்டர் தாண்டி நிறுத்தி அங்கிருந்தே போன் செய்தார். "பத்துல ஆறு கொஞ்சம் நகர்ந்துச்சுங்க, மாத்தினது ரெண்டும் சேர்த்து. அரைக்கா சுத்துகூட இல்லீங்க." அது முதல் அமுங்கல், அப்படித்தான் இருக்கும் என்றேன். நாளைக் காலையில் வண்டி ஆறியதும் இன்னொரு தடவை வைத்துப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் ஏழு மணிக்கு மறுபடி அழைத்தார். எதுவுமே நகரவில்லை.